சீலோவாம் பெயரில் ஒரு சபை



ஹவாய்த் தீவுகளில் மொலக்காய் என்றொரு தீவு. அதன் வடகரையில் கலாவ்பாப்பா என்னும் சிற்றூர். அதற்கென்று நகராட்சி கிடையாது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. தப்பிப்போக வழியில்லை என்பதாலேயே 1866 முதல் தொழுநோயாளிகளை அரசாங்கம் அந்த நிலமுனையில் கொண்டுபோய் விட்டது. மொத்தம் ஏறக்குறைய 8,000 பேர்.

அவ்வாண்டிலேயே அவர்களில் 35 விசுவாசிகள் கூடி ஒரு சபையை ஏற்படுத்தினார்கள். பிறவிக் குருடன் கழுவிப் பார்வையடைந்த சீலோவாம் குளத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அச்சபையின் ஆலயம் ஊருக்குக் கிழக்கே இன்றும் நிற்கிறது. 1873-இல் வந்து, அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்து, அதே நோயால் 1889-இல் மரித்த தமியான் குருவின் ஆலயமும் அருகே இருக்கிறது.

1946-இல் சல்போன் மருந்து அங்கே வந்தது. தனிமைச் சட்டம் நீங்கியதோ 1969-இல்தான். வாசல் திறந்தும் பலர் போகவில்லை. போவதற்கு வீடு எங்கே?

இன்று கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதங்களில் இந்நோயைக் குணமாக்குகிறது. ஆனாலும், மகன் அழைத்துப்போக வருவானென்று வாசலையே பார்த்திருந்த தாயார் ஒருவரோடு நம் வார்டில் ஜெபித்திருக்கிறேன். அவன் வரவில்லை.

உங்கள் காணிக்கைகளுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். இன்னும் ஒன்று கேட்கிறேன். குணமான ஒருவர் உங்கள் ஆலயத்துக்கு வந்தால், பக்கத்தில் இடம் கொடுங்கள். கையைப் பிடித்து வாழ்த்துங்கள். குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய ஆண்டவரின் பிள்ளைகள் அல்லவா நாம்?