ராலிக்கு ஒரு பழைய கார்: முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரச் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பார்க்கிங் இடத்தில் இரண்டு வருடமாகக் கவர் போட்டு நிற்கும் பழைய மாருதி எஸ்டீமைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சிலர் செயலாளரிடமும் கேட்டிருக்கிறீர்கள்! தரையில் விழுந்த ஆயில் கறைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்று அந்தக் காரின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ராலியில் உங்களுக்கு ஆர்வம் இல்லாவிட்டாலும் கொஞ்சம் கேளுங்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலை ஏறி இறங்கும் எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

ராலி என்றதும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் நினைவுக்கு வரும். அது வேறு. ராலி என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, சாலையில், ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பி நடத்துவது. காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் வழி சொல்வார். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாலையை மூடிவிட்டு முழு வேகத்தில் ஓட்டும் 'ஸ்பெஷல் ஸ்டேஜ்' ராலி. மற்றொன்று, திறந்த சாலையில், போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டு, சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் டி.எஸ்.டி. ராலி. நேரம், வேகம், தூரம் என்ற மூன்றின் கணக்கு அது. தாமதமாகப் போனாலும் அபராதப் புள்ளி, சீக்கிரமாகப் போனாலும் அபராதப் புள்ளி.

முதல் வகை நம் பட்ஜெட்டில் அடங்காது. அதற்கு ரோல் கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டு வேண்டும். அதை நம் தெரு வெல்டிங் பட்டறையில் கிரில் கேட் செய்வது போலச் செய்துவிட முடியாது. பிரதான வளைவுக்கு இணைப்பில்லாத கார்பன் ஸ்டீல் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம் அல்லது 50 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம் என்று சர்வதேச விதியே இருக்கிறது. தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், காலாவதித் தேதி அச்சிட்ட பெல்ட் எல்லாம் வேண்டும். 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்று தினசரி ஓட்டும் காரில் கூண்டு மாட்டிவிடாதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் குழாயில் மோதினால், காப்பாற்ற வந்ததே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே நம்மைப் போன்றவர்கள் ஆரம்பிக்க வேண்டிய இடம் டி.எஸ்.டி. ராலிதான்.

காரை எழுபதாயிரத்துக்கு வாங்கினேன். தயார் செய்ய அறுபதாயிரம் ஒதுக்கினேன். வீட்டில் ஒப்புதல் கிடைத்த தொகை அவ்வளவுதான். அந்தப் பணத்தை முதல் தடவை எப்படிச் செலவழித்தேன் தெரியுமா? அகலமான அலாய் வீல். சத்தம் போடும் சைலன்சர். இரட்டை ஹாரன். கதவில் ஸ்டிக்கர். பானெட்டுக்குக் கீழே ஆயில் மாற்றியதோடு சரி.

பயிற்சிக்காக, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளை வழி சொல்ல உட்கார வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ரசித்து ஏறினோம். இறங்கும்போது நான்காவது கியரில், ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். பாதி இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போய்விட்டது. கார் வேகம் குறையவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து வாய்க்காலில் இறக்கி நிறுத்தினேன். பம்பர் நசுங்கியது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் வீடு வரும்வரை பேசவே இல்லை. மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, "ஹாரன் மட்டும் நல்லாத்தான் இருந்துச்சுப்பா" என்றாள்.

தவறு முழுக்க என்னுடையது. நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 ஆயிலுக்கு இதே கணக்கு 230, 155 டிகிரி. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறும், பழைய ஆயில் கொதிக்கும், குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். உங்கள் கால் பலமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. என் காரில் அந்த ஆயிலை எத்தனை வருடமாக மாற்றவில்லையோ, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

அலாய் வீலையும் சைலன்சரையும் பாதி விலைக்கு விற்றேன். மறுபடி அறுபதாயிரம் சேர்க்க ஒரு வருடம் ஆனது. இந்தத் தடவை ஒரு தாளில் வரிசை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்: கார் நிற்க வேண்டும், சூடேறக் கூடாது, வழி தெரிய வேண்டும், கடைசியில்தான் ஓட வேண்டும்.

நிற்பதற்கு: முன் டிஸ்க், பேட், பின் டிரம்முக்கு ஷூ, நான்கு ரப்பர் ஹோஸ், முழுதும் புதிய டாட் 4 ஆயில். ஒன்பதாயிரம் ஆனது. நான்கு புதிய டயர், கம்பெனி கொடுத்த அதே அளவில், பதினான்காயிரம். நான்கு ஷாக் அப்சார்பர் பத்தாயிரம். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. போகட்டும். காரின் எடை முழுவதும் உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் துண்டுகளின் மேல்தான் சாலையைத் தொடுகிறது.

சூடேறாமல் இருக்க: ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்து, புது ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட். ஆறாயிரத்து ஐந்நூறு. அந்த மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வளையம் வெடித்த மூடி என்றால் மலையேற்றத்தில் ஆவி பறக்கும். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் ஐந்தாயிரம். இற்றுப்போன எஞ்சின் மவுன்ட்டுகள் மூவாயிரத்து ஐந்நூறு.

வழி தெரிவதற்கு: ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பழைய காரில் மின்சாரம் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும். ரிலே போட்டதும் அதே 60/55 வாட் பல்ப் புதிது போல எரிகிறது. 100 வாட் பல்ப் போடாதீர்கள். ஒயர் உருகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

மண் சாலைக்காக எஞ்சினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, நாலாயிரத்து ஐந்நூறு. ஆயில் மாற்ற அதில் ஓட்டை விடச் சொல்ல மறக்காதீர்கள். தீயணைப்பான், முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. கூட்டிப் பாருங்கள், ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூறு. மீதி மூவாயிரத்து ஐந்நூறில் இரண்டு கடிகாரமும், மகள் எழுத ஒரு பலகையும், படிக்க ஒரு சிறு விளக்கும் வாங்கினோம். எஞ்சினின் சக்தியைக் கூட்ட ஒரு பைசா செலவழிக்கவில்லை. 1,298 சி.சி. எஞ்சின் அப்படியே இருக்கிறது.

சில வேலைகளுக்குச் செலவே இல்லை. டிக்கியைக் காலி செய்தேன். ஸ்டெப்னியை இறுக்கிக் கட்டினேன். தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் இடம் வைத்தேன். உருளும் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செலவில்லாத இன்னொரு வேலை, மீட்டரின் தவறைக் கண்டுபிடிப்பது. டி.எஸ்.டி.யில் பலரும் தோற்பது இதில்தான். நடத்துபவர்களின் அளவுப்படி 10 கிலோமீட்டர் என்பது என் மீட்டரில் 10.3 காட்டுகிறது. மூன்று சதவீதம்தானே என்று விட்டுவிடலாமா? மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 வினாடி. 20 கிலோமீட்டருக்கு 2,000 வினாடி. என் மீட்டரை நம்பி ஓட்டினால், அது 20.6 காட்டும்போதுதான் உண்மையான 20 கிலோமீட்டர் வந்திருக்கும். அதாவது 60 வினாடி தாமதம். மீட்டர் காட்டுவதை 1.03-ஆல் வகுத்துவிட்டால் தவறு தீர்ந்தது. இந்தக் கணக்கை மகள் பார்த்துக்கொள்கிறாள். காரில் அவள்தான் முதலாளி, நான் டிரைவர். டயர் அளவை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கார் 15 வருடம் தாண்டிவிட்டால் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பிலிருந்து காரை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரையல் ஆகியவற்றுக்குப் பாலிசி செல்லாது என்று அதில் இருக்கும். போட்டியில் பெயர் கொடுப்பதற்கு முன்னாலேயே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, தேவையானால் கூடுதல் பிரீமியம் கட்டி, ராலிக்கான நீட்டிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வளாகத்துக்கு என்று மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போவதில்லை, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் போவேன். பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றுவதில்லை, கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் எஞ்சினை முறுக்குவதில்லை. இதில் எது தவறினாலும் என் வீட்டு மணியை அடியுங்கள்.

போன முறை கலந்துகொண்ட டி.எஸ்.டி.யில் நாங்கள் பரிசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் முழு தூரத்தையும் முடித்தோம். மலையிலிருந்து இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்கினேன், பிரேக்கை அளவாக மிதித்தேன், பெடல் கல் மாதிரி இருந்தது. மகள் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அது போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொல்லிமலையில் எழுபது வளைவு, வால்பாறையில் நாற்பது வளைவு. அடுத்த விடுமுறைக்கு உங்களில் யாராவது அங்கே போகத்தான் போகிறீர்கள். போவதற்கு முன் இரண்டே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் டயருக்கு என்ன வயது?

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் கீழே பார்க்கிங்கில்தான் இருப்பேன். உங்கள் காரைக் கொண்டுவாருங்கள், இரண்டையும் சேர்ந்தே பார்த்துவிடலாம். ஒரு காருக்குப் பத்து நிமிடம் போதும். ஆயில் கறைக்கு நான் செய்யும் பிராயச்சித்தமாக அது இருக்கட்டும்.