குளத்து மீனுக்கு மூச்சுக் காற்று

(கண்மாயில் மீன் வளர்க்கும் மகளிர் குழுவின் கூட்டத்தில் பேசியது)



போன ஐப்பசியில் ஒரே ராத்திரியில் உங்கள் கண்மாயில் மீன் செத்து மிதந்தது. மீன்பாசிக் குத்தகைக்குக் கட்டிய பணம் போனது. குஞ்சு வாங்கிய பணமும் போனது. கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். இப்போது நீங்கள் ஒரு காற்றாடி வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கண்மாய் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. மின்கம்பி அங்கே வரவில்லை. தினமும் ஆயில் இன்ஜின் ஓட்டினால் டீசலுக்கே மீன் சரியாகிவிடும். காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நல்ல யோசனைதான். ஆனாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். கைநாட்டு வைத்த காலத்தைவிட, கையெழுத்துப் போடத் தெரிந்த பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும்!

முதலில் மீன் ஏன் செத்தது? மூச்சு முட்டிச் செத்தது. தண்ணீரில் இருக்கும் மீனுக்கு எப்படி மூச்சு முட்டும் என்று கேட்பீர்கள். மீனுக்கும் பிராணவாயு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அது செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் அது எவ்வளவு இருக்கும் தெரியுமா? நம் ஊர் வெயிலில் குளத்துத் தண்ணீரின் சூடு 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். இரண்டு கடுகின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு எழுபது கடுகு எடை இருக்கிறது. நாம் எழுபதில் வாழ்கிறோம், மீன் இரண்டில் வாழ்கிறது. அந்த இரண்டு ஒன்றாகக் குறைந்தால் மீன் திணறும். கால் கடுகுக்கு இறங்கினால் செத்துவிடும்.

பகலில் பயம் இல்லை. குளத்தில் பச்சையாகத் தெரிகிறதே பாசி, அது வெயிலில் பிராணவாயுவை வெளியே விடுகிறது. சாயங்காலம் நாலு மணிக்குக் குளத்தில் பிராணவாயு நிறைய இருக்கும். இருட்டிய பிறகு பாசி கொடுப்பதை நிறுத்திவிடும். அதோடு விடுகிறதா? நம்மைப் போலத் தானும் எடுத்துக்கொள்ளும். மீன் எடுக்கும். அடியில் அழுகும் இலையும் சாணியும் எடுக்கும். ராத்திரி முழுக்க செலவு மட்டும்தான். விடியும் நேரத்தில் பெட்டி காலி! கோழி கூவும் நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான். நத்தைகூடக் கரையேறும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் மூட்டமாக இருந்தால் பகலிலும் வரவு குறைந்துவிடும். உங்கள் மீன் செத்ததும் மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகுதான். யாரும் விஷம் வைக்கவில்லை.

இதற்குக் காற்று எப்படி உதவும்? டீக்கடையில் டீ ஆற்றுவதைப் பாருங்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றுகிறார். நுரை வருகிறது. காற்று டீக்குள் போய்விட்டது. தண்ணீரும் அப்படித்தான். அசையாமல் கிடந்தால் மேல்தோலில் மட்டும் காற்று படும். அலை அடித்தால், மேல் தண்ணீர் கீழே போய்க் கீழ்த் தண்ணீர் மேலே வந்தால், காற்று உள்ளே இறங்கும்.

இதை ஒரு பெரிய ஊரே செய்கிறது. கொல்கத்தாவின் தெற்குப் பக்கம் ஜாதவ்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பெரிய பல்கலைக்கழகம் அங்கே உண்டு. எப்போதும் ரயில் சத்தமும் கூட்டமுமாக இருக்கும். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போய்ப் புறவழிச் சாலையைத் தாண்டினால் காட்சி மாறிவிடும். கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர்தான். அவ்வளவும் மீன் வளர்க்கும் நீர்நிலைகள். அவற்றை அங்கே 'பேரி' என்கிறார்கள். நம் 'ஏரி' என்பது போலவே காதில் விழுகிறது, இல்லையா?

அந்தத் தண்ணீர் எது தெரியுமா? கொல்கத்தா நகரத்தின் சாக்கடைத் தண்ணீர். முன்பு நகரத்துக் கழிவு வித்யாதரி என்ற ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. ஆறு மண் மேவித் தூர்ந்து போனது. 1928-இல் அது செத்த ஆறு என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. உப்புத் தண்ணீர் வருவது நின்றது. அப்போது அங்கே மீன் வளர்த்தவர்கள் சாக்கடைத் தண்ணீரை அளவாக விட்டுக் கெண்டை மீன் வளர்க்கப் பழகினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை நெடுங்காலம் தெரியவில்லை. 1980களில் துருவஜோதி கோஷ் என்ற அரசாங்கப் பொறியாளர், நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தார். மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். கட்டடம் கட்ட வந்தவர்களிடமிருந்து இந்த நீர்நிலைகளைக் காப்பாற்ற 2018-இல் இறக்கும்வரை பாடுபட்டார். 2002-இல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது.

சாக்கடைத் தண்ணீர் பிராணவாயுவைக் குடித்துத் தீர்க்கும் தண்ணீர். அதில் மீன் எப்படிப் பிழைக்கிறது? அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. பரம்பரையாகச் செய்யும் முறையில் அவர்கள் இயந்திரம் வைப்பதில்லை. வெயிலையும் காற்றையும் வேலை வாங்குகிறார்கள்.

பேரியில் தண்ணீர் ஆழம் குறைவு. பெரும்பாலும் இரண்டு அடியிலிருந்து ஐந்து அடிக்குள்தான். வெயில் உள்ளே போகும், பாசி நன்றாக வேலை செய்யும். நீர்ப்பரப்போ அகலமானது. நடுவில் மரம் மட்டை கிடையாது. காற்று தடையில்லாமல் ஓடி அலை எழுப்பும். அந்த அலை கரையை அரிக்குமே என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கரை ஓரமாக மட்டும் ஆகாயத்தாமரையை வளர்த்து, நடுவுக்குப் போகாதபடி மூங்கில் கட்டித் தடுத்துவிடுகிறார்கள். அலை அந்தச் செடியில் மோதி அடங்கிவிடும். வெயில் நேரத்தில் மீனுக்கு அது நிழல். நம் ஊரில் ஆகாயத்தாமரை குளத்தை மூடி மூச்சை அடைக்கிறது. அங்கே அதே செடியை வேலிக்குள் வைத்து வேலை வாங்குகிறார்கள்.

குளிர் காலத்தில் தண்ணீரை வடித்துத் தரையைக் காயப் போட்டுச் சேற்றை அள்ளுகிறார்கள். பிறகு கழிவுநீரை விட்டுச் சில நாள் வெயிலில் தேங்க வைக்கிறார்கள். தண்ணீரைக் கலக்கி விடுகிறார்கள். கொஞ்சம் மீனை விட்டுப் பார்த்து, அது பிழைத்தால்தான் மீதியை விடுகிறார்கள். மீனை வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பிடிப்பதும் இல்லை. அவ்வப்போது பிடித்து, அவ்வப்போது குஞ்சு விடுகிறார்கள். குளத்தில் பாரம் ஏறுவதில்லை, கையிலும் காசு புழங்குகிறது. வங்காளத்துச் சிறு குளங்களில் 'ஹர்ரா' இழுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் செங்கல் துண்டோ இரும்போ கட்டி, இரண்டு பேர் இரண்டு கரையில் நின்று குளத்து அடியோடு இழுப்பார்கள். சேற்றில் அடைபட்ட கெட்ட வாயு குமிழ் குமிழாக வெளியேறும். இதை நல்ல வெயில் நாளில் மட்டும்தான் செய்ய வேண்டும். மூட்ட நாளில் இழுத்தால் அடிச்சேறு மேலே வந்து, இருக்கிற பிராணவாயுவையும் குடித்துவிடும்.

ஒன்று சொல்லி விடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு நம் ஊர்ச் சாக்கடையைக் கண்மாயில் திருப்பிவிடாதீர்கள்! அவர்கள் தொண்ணூறு வருஷமாக அளவு பழகியவர்கள்.

சரி, காற்றாடிக்கு வருவோம். மூன்று விதமாக வைக்கலாம். கனடா நாட்டுச் சமவெளிகளில் பண்ணைக் குட்டைகளுக்குக் காற்றாலை வைக்கிறார்கள். அது சைக்கிள் பம்பு மாதிரி காற்றை அமுக்கிக் குழாய் வழியாகக் குட்டையின் அடியில் குமிழ் விடும். ஆழமான குட்டைக்கு அது நல்லது. நாலடித் தண்ணீரில் குமிழ் சட்டென்று மேலே வந்துவிடும், பலன் குறைவு. இன்னொரு விதம் தண்ணீர் இறைக்கும் காற்றாலை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் அப்படிப்பட்டவற்றைச் செய்து பல வருஷம் ஓட்டினார்கள். குளத்துத் தண்ணீரையே மேலே ஏற்றிப் படிக்கட்டு மாதிரி வைத்த பலகைகளில் விழ வைத்தால் டீ ஆற்றுகிற வேலை நடக்கும். ஆனால் விலை அதிகம்.

மூன்றாவது நம் வெல்டிங் பட்டறையிலேயே செய்யக்கூடியது. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த சவோனியஸ் என்பவர் 1920களில் கண்டுபிடித்தது. 200 லிட்டர் டிரம்மை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் கொஞ்சம் விலக்கி எதிரெதிராக ஒரு தண்டில் பொருத்த வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எஸ் எழுத்து மாதிரி இருக்கும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் சுற்றும். மெதுவாகத்தான் சுற்றும். தண்டின் அடியில் மரத் துடுப்பு வைத்துத் தண்ணீருக்குள் விட்டால் குளத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும். பேரிங் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதன் சக்தி எவ்வளவு? நல்ல காற்றில் ஒரு சின்ன பல்பு எரியும் அளவுதான். இறால் பண்ணையில் ஒரு குதிரைசக்தி மோட்டார் வைத்துத் துடுப்புச் சக்கரம் ஓட்டுகிறார்களே, முப்பது டிரம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் பாதியானால் சக்தி பாதியாகக் குறையாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். ஆனால் ஆடியில் மீன் சாகவில்லையே! காற்றே இல்லாத மூட்டமான ஐப்பசி விடியலில்தானே செத்தது? அந்த நேரம் உங்கள் காற்றாடியும் உங்களோடு சேர்ந்து சும்மா நிற்கும். விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

அப்படியானால் வேண்டாமா? ஒன்று வைக்கலாம். உயிர் போகிற நேரத்துக்காக இல்லை. பகலில் கலக்குவதற்காக. மத்தியானத்தில் மேல் தண்ணீரில் பிராணவாயு வழிகிறது. அடியில் இல்லை. கட்லா மேலே நன்றாக இருக்கும், அடியில் மேயும் மிர்கால் திணறும். கலக்குவதற்குப் பெரிய சக்தி வேண்டாம், டிரம் போதும். தினமும் அடிவரை காற்று போனால் அடிச்சேறு கெடாது. ராத்திரிச் செலவும் குறையும். மழைத் தண்ணீர் வந்து நிறைந்ததும் வெயில் நாளாகப் பார்த்து ஆரம்பித்துவிட வேண்டும். பல மாதம் கலங்காமல் கிடந்த குளத்தைத் திடீரென்று கலக்கினால் கறுப்புத் தண்ணீர் மேலே வந்து அதுவே மீனைக் கொல்லும். வைக்கிற இடம் மடைக்குப் பக்கத்துப் பள்ளமாக இருக்கட்டும்.

ஆனால் டிரம்முக்கு முன்னால் அரிவாள். உங்கள் கண்மாயின் மேற்குக் கரையில் சீமைக்கருவேலம் சுவர் மாதிரி நிற்கிறது. மேல்காற்று எப்படித் தண்ணீரைத் தொடும்? பஞ்சாயத்தில் எழுதிக் கேட்டு அதை வெட்டுங்கள். மனு எழுத வேறு ஆளைத் தேட வேண்டாம். குஞ்சையும் போன வருஷத்தைவிடக் குறைத்து விடுங்கள்.

அந்தச் சில ராத்திரிகளுக்கு வாடகை ஆயில் இன்ஜினைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டம் போட்டால் தீனியும் சாணியும் நிறுத்துங்கள். மீன் வாய் பிளந்தால் குளத்துத் தண்ணீரையே இறைத்துப் பலகையில் சிதற அடித்துக் குளத்திலேயே விடுங்கள். இன்ஜின் வரும்வரை மூங்கிலால் மேல் தண்ணீரை அடியுங்கள், குடத்தால் மொண்டு உயரத் தூக்கி ஊற்றுங்கள். வருஷத்தில் நாலைந்து நாள் டீசல் கட்டுப்படியாகும். காற்றாடிக் கடனின் வட்டியைவிடக் குறைவாகவே வரும்.

கடைக்காரருக்குப் பதில் சொல்லக் கார்த்திகை முடியும்வரை பொறுங்கள். அதுவரை ஒரு வேலை. கண்மாய்க் கரையில் ஓர் உயரமான கம்பு நட்டு நுனியில் துணி கட்டுவோம். முறை வைத்து ஒருவர் தினமும் விடியற்காலை போய்ப் பாருங்கள். நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். தேதி, வானம் மூட்டமா தெளிவா, துணி ஆடியதா இல்லையா, மீன் வாய் பிளந்ததா இல்லையா. துணி ஆடாத நாளும் மீன் வாய் பிளந்த நாளும் ஒன்றாக வருகின்றனவா என்று அந்த நோட்டே காட்டிவிடும். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் கம்பு நடலாம். துணி நான் கொண்டு வருகிறேன், நோட்டு உங்களுடையது.