பொழுதறிதலும் புனைவறிதலும்



“மணி என்ன?”, “இது கதையா, நடந்ததா?” இவ்விரண்டும் நாள்தோறும் செவியில் விழும் எளிய வினாக்கள். முன்னதற்குக் கடிகாரத்தையும் பின்னதற்கு நூலின் முகப்பையும் பார்த்து அமைதி கொள்வர் பலர். இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் பாட்டு ஒன்று தமிழில் உண்டு. அது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது, 188 அடிகளால் ஆனது.

நாள் ஒன்றை 60 நாழிகையாகப் பகுத்தனர் முன்னோர். ஒரு நாழிகை 24 நிமிடம். நீர் கசியும் கன்னலால் அதனை அளந்தனர். ஆயின் நெடுநல்வாடையில் அந்தக் கணக்கு முன்னிற்கவில்லை. மழை மூடிய கூதிர்க்காலம், கதிரவன் தென்படவில்லை. மனையில் வாழும் புறாக்கள் இரவென்றும் பகலென்றும் அறியாது மயங்குகின்றன. மகளிரோ பிச்சியின் அரும்புகளைத் தட்டில் இட்டு வைக்கின்றனர். அரும்பு அவிழ்ந்து மணம் வந்ததும் மாலை வந்ததென்று உணர்ந்து, விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். அதே பாட்டில், அரண்மனைக்குத் திசை குறிக்கும் வல்லுநர், இரு கோல்களின் நிழல் கொண்டு நண்பகலைத் துல்லியமாகக் காண்கின்றனர். தேவிக்கோ மணமும் இல்லை, நிழலும் இல்லை. மேற்கட்டியில் திங்களைப் பிரியாத உரோகிணியின் ஓவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அவளுக்கு இரவு நீள்கிறது, அவ்வளவே. அங்கே பாசறையில் மன்னனும் நள்ளிரவில் உறங்காது, புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான்.

இனி, இரண்டாம் வினா. பிரிவாற்றாமை அகப்பொருள், அகத்துள் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுதல் கூடாது என்பது மரபு. பாட்டினுள் மன்னன் பெயர் இல்லை. ஆயினும் வேலில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர் அடையாளப்பூ. அதனாலேயே இஃது அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். பெயர் சுட்டா மாந்தரின் புனைவாக நிற்கக்கூடிய பாட்டை, ஒரு வேப்பந்தழை வரலாற்றின் பக்கம் சேர்த்துவிட்டது.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வேம்பை நீக்கிவிட்டால் பாட்டு எந்த மன்னனுக்கும் பொருந்தும். அதன் மெய்ம்மை குன்றாது. பிச்சியை நீக்கினால்? மாலை எவ்வாறு வந்தது என்று தெரியாது; தேவியின் துயர் காற்றில் தொங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததன் நுட்பம் இதுவே. மாந்தரைப் புனையலாம், அவர்தம் பொழுதை உலகத்திடமிருந்தே பெறல் வேண்டும். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கைகோக்கும் இடம் அது.

இன்றும் ஊரும் ஆண்டும் மெய்ப்பெயரும் குறித்து எழுதப்படும் கவிதைகள் பல. அவற்றுள் சில பொய்யாகவே ஒலிப்பதேன்? யாருடைய பொழுது அது, அவர் அதனை எதனால் அறிந்தார் என்னும் வினாவைக் கவிஞர் எழுப்பாமையே காரணம். கவிஞர்களே, “நடந்ததா?” என்று கேட்பவருக்குச் சான்று தேடி அலைய வேண்டா. உங்கள் கவிதைக்குள் விளக்கேற்றுகின்றவர் மாலையை எதனால் அறிந்தார் என்று மட்டும் காட்டுங்கள். படிப்போர் நம்புவர்.