வெள்ளவத்தையும் நாமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

நம்மவர் ஒருவரையொருவர் கண்டதும் முதலிற் கேட்பது, "தம்பி, எந்த ஊர்?" என்பதே. வெள்ளவத்தையிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் உரும்பிராய் என்றோ காரைநகர் என்றோ தகப்பனாரின் ஊரையே சொல்வார்கள். வெள்ளவத்தை நமக்கு "இருக்கிற இடம்" மாத்திரமே. இருக்கிற இடம் எப்போது ஊராகும்? இதுவே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெகிவளைக் கால்வாய், மேற்கே கடல், நடுவே காலி வீதி. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல். 'வத்த' என்றால் தோட்டம். இந்த மணற்றோட்டத்தை நகரோடு நெருக்கமாக்கியது 1870களில் வந்த கரையோரப் புகையிரதம். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கே நெசவாலை எழுந்தது. அது நின்ற நிலத்தில் இன்று நிற்பவை ஹவ்லொக் சிட்டித் தொடர்மாடிகள்.

சென்ற நூற்றாண்டில் அரசாங்க உத்தியோகம் பெற்று வந்த யாழ்ப்பாணத்தார், கோட்டையிலுள்ள கந்தோர்களுக்குப் போய்வர வசதியென்று இவ்வொழுங்கைகளில் வாடகைக்கு வீடெடுத்தனர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவதே பலருடைய எண்ணம். ஆயினும் அவர்கள் வெறுமனே இருந்துவிடவில்லை. உருத்திரா மாவத்தையிற் சைவ மங்கையர் வித்தியாலயம் வளர்ந்தது. இராமகிருஷ்ண மிஷன் ஒரு வீதிக்கே பெயர் தந்தது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்று 57வது ஒழுங்கையில் நூலகத்தோடு விளங்குகிறது. போகவிருந்தவர்கள் நாட்டிய மரங்களின் நிழலில் இன்று நாம் நிற்கிறோம்.

1958இலும் 1983இலும் நிகழ்ந்தவற்றைப் பெரியோர் அறிவீர்கள். 1983 ஆடியில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றவர்களிற் பலர் திரும்பி வந்தனர். பின்னர் போர்க்காலத்தில் வடக்கிலிருந்து குடும்பங்கள் வந்தன. விசாவுக்குக் காத்திருந்தோர் லொட்ஜுகளை நிரப்பினர். ஓட்டு வீடுகள் இருந்த இடங்களிலே தொடர்மாடிகள் எழுந்தன.

2007 ஜூன் 7ஆம் திகதி, தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று கூறி, வெள்ளவத்தை முதலிய பகுதிகளின் லொட்ஜுகளிலிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அன்பர்களே, அன்று "உன் ஊருக்குப் போ" என்றவர்களின் நியாயமும், "இது இருக்கிற இடந்தானே" என்னும் நமது பேச்சும் எவ்வளவு நெருங்கிய உறவு! குடிமகனின் உரிமை அவன் தகப்பனாரின் ஊரைப் பொறுத்ததன்று. அதனை முதலில் நாம் நம்பவேண்டாமா?

வெள்ளவத்தை நமக்கு மாத்திரம் உரியதென்றும் நான் சொல்லவரவில்லை. பழைய ஹை ஸ்திரீட் இன்று சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயரைத் தாங்குகிறது. காலி வீதியிலே பள்ளிவாசலும் உண்டு, தேவாலயமும் உண்டு. அயலவனை அறியாதவன் ஊரை அறியான். தொடர்மாடியில் எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் வாழ்பவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே, இரண்டு வேண்டுகோள்கள். இளைஞர்களே, தகப்பனாரின் ஊரை மறவாதீர்கள். ஆனால் வெள்ளவத்தையைச் சொல்லக் கூசாதீர்கள். பெரியோர்களே, உங்கள் ஒழுங்கையில் யார் யார் இருந்தார்கள், கலவரத்தில் யார் யாருக்குக் கதவு திறந்தார்கள் என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எழுதப்படாத ஊரை இடித்துக் கட்டுவது எளிது.