கொடுத்த கருவி காதில் இருக்கிறதா?

இலவசமாகக் கொடுத்த காது மிஷின் பயன்பட்டதா என்று கேட்டால், எத்தனை பேருக்குக் கொடுத்தது என்ற கணக்கைத்தான் அரசுகள் எடுத்து நீட்டும். அது கொள்முதல் கணக்கு. பயன்பாட்டுக் கணக்கு அல்ல. கருவி காதில் இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா? காதில் இருந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? மாட்டிய பிறகு யாருடைய பேச்சு விளங்குகிறது, யாருடையது இன்னும் விளங்கவில்லை? இவற்றைக் கேட்டால்தான் நோயாளியின் திருப்தி தெரியவரும். இந்தக் கேள்விகளை நாடு முழுவதற்கும் சேர்த்துக் கேட்டுப் பார்த்ததில் பிரிட்டனுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

1948 ஜூலை 5 அன்று அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே காது கேட்கும் கருவியும் இலவசப் பட்டியலில் இருந்தது. மெட்ரெஸ்கோ என்பது கருவியின் பெயர். மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1944இல் அமைத்த குழுவின் வடிவமைப்பு அது. உடம்பில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி, அதற்குள் வால்வுகள், தனியே ஒரு பேட்டரிப் பொதி, பெட்டியிலிருந்து காது வரை ஒயர். காது மந்தமானவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே மாதிரியான ஒலியமைப்பு போதும் என்று அந்தக் குழு முடிவு கட்டியது. போரில் நொடித்துக் கிடந்த நாட்டுக்கு அந்த முடிவு சிக்கனமாகவும் இருந்தது. தனியாரிடம் விலை கொடுத்து வாங்க வழியில்லாதவர்கள் ஏராளமாகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். கிடைத்தவர்களுக்கு நன்றியுணர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் பெட்டி துணிக்குள் இருந்தால், துணி உரசும் சத்தம் எதிரில் இருப்பவர் பேச்சை விஞ்சிக்கொண்டு கேட்கும். வெளியே மாட்டினால் ஊருக்கெல்லாம் தெரியும். கால் நூற்றாண்டுக்கும் மேல் மக்கள் இதோடுதான் காலம் தள்ளினார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி பொதுச் சேவையில் பரவலாக வந்தது 1974இல்தான்.

அடுத்த திருப்பம் 2000இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தனியார் சந்தையில் டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன. அரசு மருத்துவமனையில் இன்னும் பழைய அனலாக் கருவிதான். இங்கிலாந்தில் 20 மருத்துவமனைகளில் தொடங்கிய சேவை நவீனமயத் திட்டம் 2005க்குள் நாடெங்கும் பரவியது. செய்தித்தாள்கள் டிஜிட்டல் கருவியை மட்டும் பெரிதாகப் பேசின. மெய்யான மாற்றம் கருவியைச் சுற்றி நடந்தது. நோயாளியின் காதுக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, செவிப்பறைக்கு அருகில் ஒலி எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளந்து பார்த்துக் கருவியைத் திருத்துவது வழக்கமாயிற்று. கொடுத்தனுப்பிய சில வாரங்களில் மறுபடி வரச்சொல்லிப் பார்ப்பதும், வந்தவரிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவதும் சேவையின் பகுதியாயின.

அந்தக் கேள்வித்தாள் கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் உருவாக்கியது, 1999இல் வெளிவந்தது. அதன் அழகு அதன் எளிமை. வீட்டாரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது, அமைதியான இடத்தில் ஒருவரோடு பேசுவது, சந்தடியான தெருவிலோ கடையிலோ பேசுவது, பலர் கூடியிருக்கும் இடத்தில் பேசுவது என்று 4 சூழல்களை அது முன்வைக்கிறது. இப்படியொரு சூழல் உங்கள் வாழ்க்கையில் உண்டா என்பது முதல் கேள்வி. இல்லை என்றால் அதோடு விட்டுவிடும். உண்டு என்றால், கருவி இல்லாமல் எவ்வளவு சிரமம், கருவியை எவ்வளவு நேரம் மாட்டுகிறீர்கள், எவ்வளவு உதவுகிறது, இன்னும் மிச்சமிருக்கும் சிரமம் எவ்வளவு, எவ்வளவு திருப்தி என்று வரிசையாகக் கேட்கும். அதன் பிறகு நோயாளியே தனக்கு முக்கியமான சூழல்களைச் சொல்லலாம். கோயில் பிரசங்கம் கேட்பவருக்கு அது. பேரன் போனில் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் பாட்டிக்கு அது. மருத்துவர் எது முக்கியம் என்று நினைக்கிறார் என்பதை ஒதுக்கிவைத்து, நோயாளியின் நாளை நோயாளியே வகுக்க விட்ட கேள்வித்தாள் அது. பின்னர் பல நாடுகளில் பரவிய 7 கேள்விப் பட்டியல் இன்னும் சுருக்கம். உங்கள் காது மந்தத்தால் உடனிருப்பவர்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்றும் அது கேட்கிறது. வீட்டார் வாய் திறந்து சொல்லாத எரிச்சலுக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்துவிட்டது.

பதில்களை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதை எல்லா ஊரிலும் உண்டு. இலவசமாகக் கொடுத்த டாக்டரின் முகத்துக்கு நேராக, பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். இன்றைய டிஜிட்டல் கருவிகள் எவ்வளவு நேரம் இயங்கின என்பதைத் தாமே பதிவு செய்துகொள்கின்றன. நோயாளி சொல்லும் நேரமும் அந்தப் பதிவும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. சொல்வது கூடுதலாகவே இருக்கும். நன்றி வேறு, திருப்தி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கருவி பீரோவுக்குப் போவது எப்படி? முதுமையில் பெரும்பாலும் கீச்சொலிகள் முதலில் மங்கும். பேச்சின் சத்தம் கேட்கும், மெய்யெழுத்துகள் குழம்பும். பாக்கு என்றால் பாட்டு என்று விழும். சத்தமாகப் பேசு என்பதல்ல, தெளிவாகப் பேசு என்பதே அவர்களுடைய தேவை. சரியாக அளந்து பொருத்தாத கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றிவிடும். பாத்திரம் வைக்கும் ஓசை தலைக்குள் இடிக்கும், பேச்சு பழையபடியே குழம்பும். காதுக்குள் செருகும் காது அச்சு சற்றே லொடலொடவென்று இருந்தால் தலையணையில் சாய்ந்தாலே கருவி விசிலடிக்கும். அச்சு இறுக்கமாக இருந்தால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும். காதுக் குறும்பி குழாயை அடைத்துவிட்டால் கருவி செத்துப்போனது போலாகும். துடைத்தால் போதும் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அதுதான் முடிவு. பேட்டரியோ நக அளவு வட்டத் துண்டு. ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கும். பிறகு கருவியை அணைத்து வைத்தாலும் மெல்லத் தீர்ந்துகொண்டேயிருக்கும். விரல் நடுங்குகிற, கண் மங்கிய முதியவர் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மிஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. பிரிட்டனில் பேட்டரியும் பழுது பார்ப்பதும் இலவசம். திருப்தியைத் தாங்கி நிற்கும் தூண்களில் அதுவும் ஒன்று.

அந்தத் தூணும் ஆடாமல் இல்லை. 2015இல் வடக்கு ஸ்டாஃபர்ட்ஷயரின் சுகாதாரக் குழுமம், இலேசான செவித்திறன் குறைவு உள்ளவர்களுக்கு இலவசக் கருவியை நிறுத்தியது. இலேசானது என்று காதுப் பரிசோதனை சொல்லும் குறைவு, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இலேசாக இருக்க வேண்டும் என்பதில்லை. இப்படிக் கோடு கிழித்தவர்கள் டெசிபலைப் பார்த்தார்கள். கேட்ஹவுஸின் கேள்விகளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் கோடு இன்னும் மேலே கிடக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதுகளிலும் 60 டெசிபல் குறைவு இருந்தால்தான் காது மந்தம் ஊனமாகும். உலக சுகாதார நிறுவனமோ 35 டெசிபலிலிருந்தே மிதமான குறைவு என்கிறது. இடைப்பட்டவர்கள், அதாவது முதியவர்களில் கணிசமானோர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்கும் திட்டங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தர 1981இல் தொடங்கிய மத்திய அரசின் அடிப் திட்டம் அத்தகையது. 2017இல் நெல்லூரில் தொடங்கிவைக்கப்பட்ட வயோஸ்ரீ திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்குக் கொஞ்சம் கதவைத் திறந்தது. கான்பூரின் அலிம்கோ நிறுவனம் முகாம் நடத்திக் கருவி வழங்குகிறது. முகாமில் கருவி கைக்கு வந்துவிடும்; முகாம் கலைந்துவிடும். விசிலடிக்கும் அச்சை மாற்றவும், சத்தத்தைக் குறைத்துத் தரவும், பேட்டரி வாங்கவும் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டியவருக்கு அரை நாள் கூலி போகும். குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. காது வளரவளர அச்சு தளர்ந்துவிடும். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டியிருக்கும். கருவி ஒருமுறை கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்ளும் திட்டத்தில், அந்த அச்சுக்கென்று ஒரு பத்தி இருப்பதில்லை.