இடுப்பளவு தொண்ணூறு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் விடுதித் தோழன் ஒருவன் என் வயிற்றில் தட்டி, "என்னடா டாக்டர், நல்லா செழிப்பா இருக்கே!" என்றான். நானும் அவன் வயிற்றைத் தட்டினேன். இருவரும் சிரித்தோம். நம்ம பக்கம் தொப்பை என்றால் வசதி என்று அர்த்தம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மெடபாலிக் சிண்ட்ரோம் என்பது தனி நோயல்ல. ஐந்து பேர் கொண்ட ஒரு கூட்டணி. இடுப்புச் சுற்றளவு நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150, நல்ல கொழுப்பு ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே. இதில் மூன்று சேர்ந்தால் கூட்டணி அமைந்துவிட்டது. 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இதை 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்றார். வேடிக்கை என்னவென்றால், அவர் பட்டியலில் தொப்பை கிடையாது. பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

ஏன் சேர்த்தார்கள்? தோலுக்கடியில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலைச் சுற்றிய கொழுப்பு அப்படியில்லை. அது கல்லீரலுக்குள் கொழுப்பு அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காமல் போகும். நம்மவர்களுக்கு எடை அதிகமில்லாமலே இந்தக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த வருமானப் பகுதியில் 6.5 சதவீதம் பேருக்கு இருந்த இந்தக் கோளாறு, நடுத்தர வருமானப் பகுதியில் 18.7 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒரே ஊர், ஒரே தண்ணீர்! பிறகு 'க்யூர்ஸ்' ஆய்வில் ஒரே மக்களை மூன்று அளவுகோலால் அளந்தபோது 18.3, 23.2, 25.8 சதவீதம் என்று வந்தது. எந்தக் கோலால் அளந்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவராவது. வெள்ளை அரிசி முதலான தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களிடம் இது கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. உட்கார்ந்த வேலை, புகை, வயது, பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது எல்லாம் சேரும். விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு பரோட்டா சாப்பிடும் தம்பிகளே, உங்களையும்தான் சொல்கிறேன்.

இனி சொல்லத் தயங்கும் விஷயம். நம் கல்லூரி அணியின் கோல்கீப்பர் இன்று நம்மிடையே இல்லை. 46 வயதில் மாரடைப்பு. போவதற்கு ஒரு வருஷம் முன் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தான். சர்க்கரை 106, பிரஷர் 134/86, டிரைகிளிசரைடு 180. "எல்லாம் பார்டர்தான்டா, பயப்படாதே" என்றேன். ஒவ்வொன்றும் பார்டர்தான். நான் கூட்டிப் பார்க்கவில்லை. இடுப்பளவு என்ன என்றும் கேட்கவில்லை. அவனைக் காப்பாற்றியிருப்பேனா, தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வருஷம்தான் என் இடுப்பை நானே அளந்தேன்: 98. வீட்டில் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை மாற்ற முடியுமா? சென்னை ஏஷியாட் காலனியில் ஆய்வுக்காரர்கள் வந்து எடுத்துச் சொன்னபின், குடியிருப்போர் தாங்களே பணம் போட்டுப் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமானார்கள். மருந்து கம்பெனி செய்ததல்ல, காலனிக்காரர்கள் செய்தது. நம் கல்லூரி மைதானத்தை மாலையில் ஊர்க்காரர்களுக்கும் திறந்துவிடலாம் என்று சங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். தலைவர் இங்கேயே இருக்கிறார்.

பதிவு மேஜையில் தையற்காரர் டேப் ஒன்று வைத்திருக்கிறேன். பேண்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம்; பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே போடுகிறோம்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வாருங்கள். முதல் ஆளாக என்னை அளந்தாயிற்று: 93. இன்னும் மூன்று பாக்கி.