கார்ட்டூன்தானே என்று விட்டுவிடலாமா?

(கோடை விடுமுறை வகுப்பின் நிறைவு நாளன்று, பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எங்களுடைய தவறு.

வகுப்பின் இரண்டாவது வாரம் வெயில் கடுமையாக இருந்தது. பிள்ளைகளை வெளியே விடாமல், நம் மண்டபத்தில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம் போட்டோம். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', அதாவது மின்மினிகளின் கல்லறை. ஆட்டம் பாட்டமில்லை, ஆபாசமில்லை, நல்ல படம் என்றார்கள். கார்ட்டூன்தானே என்று ஆறு வயதுப் பிள்ளையையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். சென்ற ஆண்டு கணவரை இழந்தவர். அவருடைய ஒன்பது வயது மகன் அன்று இரவு, "உம்மா, நீங்களும் மவுத்தாயிட்டா நானும் தங்கச்சியும் யார் வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டிருக்கிறான். அதன்பிறகு அவன் தனியாகத் தூங்கவில்லை. அந்தச் சகோதரி கோபப்படவில்லை. "காக்கா, போடுறதுக்கு முன்னாடி நீங்க யாராவது அந்தப் படத்தப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் பார்த்திருக்கவில்லை. அன்று மாலைதான் உட்கார்ந்து முழுவதும் பார்த்தோம்.

இசாவோ தகஹட்டா இயக்கி 1988இல் வந்த படம் அது. அகியுகி நொசாகா 1967இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது. நொசாகா போரில் பட்டினியால் தம் சின்னத் தங்கையைப் பறிகொடுத்தவர். 1945இல் கோபே நகரின்மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு வீசுகின்றன. 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் தாயை இழக்கிறார்கள். தகப்பன் கடற்படையில். அடைக்கலம் தந்த உறவுக்காரப் பெண்மணி, தாயின் உடைகளை அரிசிக்கு மாற்றுகிறார். அந்தப் பிள்ளைகளுக்குப் போடும் சோற்றைச் சொல்லிக் காட்டுகிறார். பொறுக்காமல் இருவரும் வெளியேறி ஒரு பதுங்கு குழியில் தங்குகிறார்கள். பசியால் முதலில் தங்கை, பிறகு அண்ணன். அவ்வளவுதான் கதை. பேயில்லை, வில்லன் இல்லை. கடைசிவரை யாரும் வந்து காப்பாற்றவும் இல்லை.

இதே படம் ஜப்பானில் வெளியானபோது, 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற படத்தோடு சேர்த்துத் திரையிட்டார்கள். இரண்டும் ஒரே நிறுவனம் எடுத்தவை. டோட்டோரோவிலும் தாய் மருத்துவமனையில் இருக்கிறார், பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள். ஆனால் அந்தத் தாய் குணமடைகிறார். சின்னப் பிள்ளை அழுதாலும் முடிவில் நிம்மதியாக எழுந்து போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அழகான சித்திரங்கள்தான். உள்ளே இருப்பது வேறு.

அதற்காக அந்தப் படம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "அந்த அண்ணன் ரோஷத்தை விட்டுவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பியிருந்தால் தங்கச்சி பிழைத்திருப்பாளே?" அரை மணி நேரம் அவரோடு பேசினோம். யதீம்களைப் பற்றி நாம் எத்தனை பயான் கேட்டிருப்போம். சோறு போட்டுவிட்டுச் சொல்லிக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு எப்படியிருக்கும் என்பதை அவர் இந்தப் படத்தில் பார்த்திருக்கிறார். ஒரே படம், ஒரு பிள்ளையைச் சிந்திக்க வைத்தது. இன்னொரு பிள்ளையின் தூக்கத்தைப் பறித்தது.

சினிமாவே வேண்டாம் என்றிருக்கும் வீடுகளை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இன்று கைபேசி இல்லாத வீடு அபூர்வம். ஆகவே நாம் பழகிக்கொள்ள வேண்டிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, பெரியவர் ஒருவர் படத்தை முடிவுவரை பார்த்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, சான்றிதழைப் பாருங்கள். 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் வீட்டில் போன மாதம் ஒரு மவுத் நடந்ததா, யாராவது மருத்துவமனையில் கிடக்கிறார்களா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, கூடவே உட்காருங்கள். "போதும்" என்று பிள்ளை சொன்னால் நிறுத்திவிடுங்கள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். முடிந்ததும் பேசுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் இப்படிப்பட்ட படம் வேண்டாம்.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை, 13 வயதுக்குக் கீழே வேண்டாம், அதற்கு மேலும் பெரியவர் துணையோடு மட்டுமே என்பது எங்கள் கருத்து. தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைக்கு வயது எதுவானாலும், வீட்டாரைக் கேட்காமல் காட்டக் கூடாது.

இனி நம் மண்டபத்தில் எந்தப் படம் போட்டாலும் இருவர் முழுவதும் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாளே பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அந்த இருவரில் ஒருவராக இருக்க அந்தச் சகோதரியைக் கேட்டோம். சம்மதித்திருக்கிறார். அவருடைய மகன் இப்போது பழையபடி தூங்குகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

நம் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளின் மனதையும் ஓர் அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.